செத்த கோழியின் கால்

இப்படி வந்து உட்காருங்கள் அம்மிணி. அந்தப் பக்கம் வேண்டாம், காற்று திரும்பினால் இறகு வாசம் மூக்கில் ஏறும். எங்களுக்குப் பழகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்களுக்குக் குமட்டும். டீ சொல்லியிருக்கிறேன். சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னேன், எப்படிப் போட்டு வருகிறார்களோ தெரியாது. அந்தப் போன் ஓடுகிறதா? நான் பேசுவதெல்லாம் அதில் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வராது. படபடப்பு வந்துவிடும்.

சொந்தத் தொழிலில் ஜெயித்தவர்கள் சொல்லும் பாடங்கள் என்று நீங்கள் புத்தகம் போடுவதாக எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் சொன்னார்கள். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். என்னிடம் என்ன பாடம் இருக்கப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தரமாட்டார்கள் என்று தோன்றியது. என் பேரை வசந்தாமணி என்று சேர்த்தே போடுங்கள். வசந்தா, மணி என்று பிரித்துப் போட்டால் இரண்டு ஆள் மாதிரி ஆகிவிடும்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரத்துச் சந்தை ரோட்டில் ஒரு கூண்டு, ஒரு கட்டை, ஒரு கத்தி. அவ்வளவுதான் கடை. என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி நல்ல மனுஷர். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் நான் வெட்டுவேன், அவர் கல்லாவில் உட்காருவார். எதிர்க்கடைக்காரன் ஒரு நாள் காலையில் வந்து என் கூண்டை எட்டி உதைத்தான். கோழியெல்லாம் ரோட்டில் ஓடிற்று, பஸ்ஸில் அடிபட்டு இரண்டு செத்தது. இறகு உரிக்க அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவோடு தூக்கி அவன் இரண்டு காலிலும் ஊற்றினேன். தோல் சாக்ஸ் மாதிரி கழன்று வந்தது. இன்றைக்கும் அவனால் செருப்புப் போட முடியாது. இன்றைக்கும் ரோட்டில் என்னைப் பார்த்தால் நின்று கும்பிடுவான். அதற்குப் பேர்தான் மரியாதை. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். வெந்நீரை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

இப்போது நாலு கடை, ஒரு கிடங்கு, பதினாலு ஆட்கள். அது போக என் தம்பி தண்டபாணி. என் அம்மா சாகும்போது அவன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவனுக்கு அப்போது ஒன்பது வயசு. நான் ஊட்டி வளர்த்த பிள்ளை. லாரி லோடு இறக்குவது, டெம்போ ஓட்டுவது, ஓட்டல்காரர்களிடம் பேசுவது எல்லாம் அவன்தான். போன வருஷம் தாராபுரத்திலேயே யாரிடமும் இல்லாத மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். கெட்டிக்காரன். நான் கொடுக்கிற சம்பளத்திலேயே மிச்சம் பிடித்திருக்கிறான் என்றால் பாருங்களேன். மற்றவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

சரி, சவரியப்பன் விஷயத்துக்கு வருகிறேன். முக்கியமான பாடமே அதில்தான் இருக்கிறது.

சவரியப்பன் திண்டுக்கல் பக்கத்து ஆள். பதினோரு வருஷமாக என்னிடம் இருந்தவன். அவன் கத்தி பட்டால் கோழி இரண்டாம் தரம் சிறகடிக்காது. எலும்பைத் தட்டாமல் மூட்டு பார்த்து இறக்குவான், சில்லு விழாது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிறவன் கத்தியை அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது. முதலாளியும்தான். அவன் தன் கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவான், காலையில் அதோடு வருவான். என் பெண் கல்யாணத்துக்கு அத்தனை கோழியையும் ஒருத்தனாக வெட்டிக் கொடுத்தான். எனக்கு ஒரு தரம் மயக்கம் வந்து விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு. பிரியம் வேறு, நிர்வாகம் வேறு.

தை மாசம் கோயம்புத்தூரில் ஒரு கூட்டம் நடந்தது. பெரிய ஓட்டலில் நடந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பெரிய கம்பெனி ஆரம்பித்தவர்கள் எல்லாம் வந்து பேசினார்கள். ஏசி அதிகம். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். ஒருத்தர் சொன்னார். அவருக்கு இரண்டாயிரம் பேர் வேலை செய்கிறார்களாம், பேர் வேண்டாம். உங்கள் கம்பெனியில் யார் எல்லோரையும் விடத் திறமைசாலியோ அவனை எல்லோர் முன்னாலும் தட்டிக் கேளுங்கள், அதற்கப்புறம் மற்றவர்களை நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது என்றார். சின்ன ஆளைத் திட்டினால் பெரிய ஆள் சிரிப்பான், பெரிய ஆளைத் திட்டினால் சின்ன ஆள் தானாகத் திருந்துவான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. இத்தனை நாள் இது தெரியாமல் கண்டவனைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

சித்திரையில் அதற்கு வேளை வந்தது.

எங்கள் தொழிலில் சித்திரை என்றாலே வயிற்றில் நெருப்பு. பண்ணையிலிருந்து லோடு வரும்போதே வெயிலில் கோழிகள் நெஞ்சடைத்துச் செத்துவிடும். ஒரு லோடுக்கு இருபது, முப்பது சாகும். அப்படிச் செத்ததை விற்கக் கூடாது. ரத்தம் வடியாத கறி, நீலம் பாய்ந்திருக்கும், தின்றால் வயிறு போய்விடும். அதற்குப் பண்ணைக்காரர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். செத்த கோழியின் இரண்டு காலையும் இறகோடு இருக்கும்போதே வெட்டி எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். அவர்கள் ஆள் வந்து கால்களைப் பார்த்தால்தான் அத்தனை கோழிக்கான பணத்தைக் கழிப்பார்கள். உடம்பைக் கிடங்குக்குப் பின்னால் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். காலை வெட்டுகிற வேலை சவரியப்பனுடையது. நான்தான் அவனுக்குக் கொடுத்தேன். குழிக்குக் கொண்டு போகிற வேலை தம்பியுடையது. நாற்றம் பிடித்த வேலை, வேறு யாரும் செய்ய மாட்டார்கள். அவன் முகம் சுளிக்காமல் செய்வான்.

சித்திரை நடுவில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு கிழவர் பிழைப்பாரா என்றே தெரியாமல் இருந்தது. அதிகாரிகள் வந்து ஓட்டலின் பெரிய ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இறகோடு கோழிகள். ஒன்றுக்கும் கால் இல்லை.

உயிரோடு வெட்டுகிற கோழிக்குக் காலைக் கடைசியில்தான் எடுப்போம். இறகு இருந்து கால் இல்லை என்றால் அது செத்த கோழி. தொழில் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். ஊரில் அந்தப் பண்ணைக் கோழி எடுக்கிறவள் நான் ஒருத்திதான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். மூட்டு பார்த்து இறக்கிய வெட்டு, எலும்பில் ஒரு சில்லு இல்லை. அந்த வெட்டு யாருடையது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஓட்டல்காரனைக் கேட்டதற்கு, டெம்போவில் வந்து போட்டுவிட்டுப் போனார்கள் என்றானாம். எந்த டெம்போ என்றால் தெரியாதாம். ஊரில் எத்தனை டெம்போ. சவரியப்பனிடம் இருப்பது சைக்கிள்தான். ஆனால் திருடுகிறவனுக்கு ஒரு டெம்போ பிடிக்கவா தெரியாது?

மறுநாள் மத்தியானம் நாலு கடையையும் அடைத்துவிட்டு எல்லோரையும் கிடங்குக்கு வரச் சொன்னேன். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டுகளில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சவரியப்பனை நடுவில் நிறுத்தினேன். உன் வெட்டா இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "காலை வெட்டுனது நான்தானுங்க்கா. நீங்க குடுத்த வேலை. அதுக்கப்புறம் அது எங்க போச்சுன்னு என்னைய ஏனுங்க்கா கேக்கறீங்க?" என்றான்.

எத்தனை திமிர் பாருங்கள். கேள்விக்குக் கேள்வி. பதிமூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நான் கண்ணை இறக்கியிருந்தால் மறுநாள் கடை என்னுடையதாக இருக்காது. கூண்டுக் கதவுக் கம்பியை உருவி அவன் முழங்காலில் போட்டேன். விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், தோளில் போட்டேன். அப்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் வாயைத் திறக்காத மனுஷர், வாயைத் திறந்தார்.

"வசந்தா, குழியைத் தோண்டிப் பாத்துட்டு வந்து அடி" என்றார்.

ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறவர் பேச்சைக் கேட்டா நான் நாலு கடை கட்டினேன்? தண்டபாணி உடனே சொன்னான், குழி முழுக்கச் சுண்ணாம்பு, இந்த வெயிலில் கிளறினால் ஊரே காய்ச்சலில் படுக்கும் என்று. படிக்காவிட்டாலும் அவனுக்குச் சுகாதாரம் தெரியும். பேசிக்கொண்டே வந்து சவரியப்பன் முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் வலது கையை இழுத்து வெட்டுக் கட்டைமேல் வைத்தான். "அக்கா, இந்தக் கைதானே" என்றான்.

அப்போதுதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். சவரியப்பன் இடுப்பிலிருந்து அவன் கத்தியை உருவினேன். கத்தியைத் தொட்டதும்தான் அவன் கத்தினான். அதுவரை அடி வாங்கும்போது கத்தவில்லை. "கத்திய விட்டுருங்க்கா, கத்திய விட்டுருங்க்கா" என்று குழந்தை மாதிரி. நான் கத்தியைத் திருப்பிப் பிடித்து, முதுகுப் பக்கத்தால், அவன் விரல்கள்மேல் இறக்கினேன். மூன்று தரம். கூர்ப்பக்கம் இல்லை அம்மிணி, முதுகுப் பக்கம். அதைக் கட்டாயம் எழுதுங்கள். அத்தனை கோபத்திலும் கத்தியைத் திருப்பிப் பிடிக்க எனக்கு நிதானம் இருந்தது. தலைமை என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார்களே, அது இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. விரல் எலும்பு நொறுங்குகிற சத்தம் கோழிக் கழுத்துச் சத்தம் மாதிரி இல்லை. காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் மனசு இல்லையா?

டீ வந்துவிட்டது, குடியுங்கள். ஆறிவிடும். சர்க்கரை சரியாக இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள், மாற்றச் சொல்கிறேன். ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது? வாசம்தானே? நான்தான் சொன்னேனே.

போலீஸுக்குச் சவரியப்பன் போகவில்லை. எனக்கு அதுவே சாட்சி. குற்றமில்லாதவன் போயிருப்பான், இல்லையா? அவன் பெண்டாட்டி ஜெபமாலை மட்டும் ஒரு நாள் கடை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். தம்பி அவள் முடியைப் பிடித்து ரோட்டுவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. மண் தூற்றினால் தொழிலுக்கு ஆகாது என்பார்களே, அந்தக் கவலை. ஐயரைக் கூப்பிட்டு ஒரு பூஜை போட்டேன்.

கடைகளில் என்ன ஒழுங்கு வந்தது தெரியுமா? ஒருத்தரும் பேச மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் கத்திச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் கம்பெனிக்காரர் சொன்னது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் சவரியப்பன் தானாக வந்தான். ஊர் ஊராகப் போய்ப் பார்த்திருக்கிறான். செத்த கோழி விற்றவன் என்று பேர் போய்விட்டது, விரலும் மடங்காது, யார் வேலை கொடுப்பார்கள்? மூத்த பெண்ணுக்குக் கல்லூரி வேறு. அதே கிடங்கு, அதே ஆட்கள், அதே நடு இடம். எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். தண்டித்தவள்தான் மன்னிக்கவும் வேண்டும். அதுவும் ஒரு பாடம்.

"நான்தானுங்க்கா வித்தேன். மன்னிச்சிருங்க" என்றான், தரையைப் பார்த்து.

எப்படிக் கொண்டு போனாய், யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்ல வரவில்லை. தண்டபாணியைப் பார்த்தான். தம்பிதான் எடுத்துச் சொன்னான், விடிகாலையில் சாக்கில் கட்டி, சைக்கிளில் பைபாஸ் வரை கொண்டு போய், அங்கே ஒரு டெம்போவில் ஏற்றியிருப்பான் அக்கா என்று. எல்லாம் நேரில் பார்த்த மாதிரி சொன்னான். அவன் மூளை அப்படி. சவரியப்பன், "ஆமாங்க்கா, தம்பி சொல்றதுதானுங்க" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு மாசமாக உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது அம்மிணி, பொய் சொல்வானேன். தப்பான ஆளை அடித்துவிட்டோமோ என்று. அன்றைக்கு அது போயிற்று. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். இப்போது அவன் கூண்டு கழுவுகிறான். கத்தி பிடிக்க முடியாது, தண்ணீர் ஊற்ற முடியும்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வாரம் பழனி ரோட்டில் இன்னொரு ஓட்டலில் பிடித்துவிட்டார்கள். இறகோடு கோழி, கால் இல்லை. இந்தத் தரம் வெட்டில் சில்லு சில்லாக எலும்பு. சவரியப்பன் இடத்தில் நான் வைத்த புது ஆள் வெட்டியது.

எனக்குத் தலையே வெடித்துவிடும் போல இருந்தது. சனிக்கிழமை மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டேன். மறுபடியும் அதே கிடங்கு. யார் என்று வாயைத் திறந்து நான் கேட்டு முடிக்கவில்லை அம்மிணி, சவரியப்பன் கையைத் தூக்கினான். மூன்று விரல் மடங்காத கை. "நான்தானுங்க்கா" என்றான். அவனைப் பார்த்து, கால் வெட்டுகிற புது ஆள் தூக்கினான். அப்புறம் இறகு உரிக்கிற பொம்பளைகள். ஒவ்வொருத்தராக, பதினாலு பேரும். "நான்தானுங்க", "நான்தானுங்க." கடைசியில் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் வீட்டுக்காரரும் வரிசையில் நின்று கையைத் தூக்கினார்.

"நாந்தான் வசந்தா" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

இதை என்னவென்று சொல்வது? இத்தனை வருஷம் என் உப்பைத் தின்றவர்கள், அத்தனை பேரும் திருடர்கள். தாலி கட்டினவரும் உடந்தை. அந்தக் கூட்டத்தில் கை தூக்காமல் நின்றது ஒரே ஒரு ஆள். தண்டபாணி. அவன் ஒருத்தன்தான் சுத்தம். எனக்கு அந்த நிமிஷம் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்து நாலு கடையையும் அவன் பேருக்கு எழுதப் போகிறேன். வேறு யாரை நம்புவது? உங்கள் புத்தகத்தில் அதைத்தான் கடைசியாகப் போட வேண்டும். தனக்குப் பின்னால் யார் என்று தலைவர் சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட வேண்டும்.

அத்தனை பேரை அடிக்க என் உடம்பில் தெம்பில்லை. கம்பியைத் தம்பியிடம் கொடுத்தேன். கேட்ட பாடம் அப்படியே நினைவில் இருந்தது, பெரிய ஆளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே நின்றவர்களில் பெரிய ஆள் யார் என்று அவனுக்கே தெரிந்தது, நான் சொல்லவில்லை. நான் இங்கே, இதே அறையில் வந்து உட்கார்ந்து, காதில் துணியை அடைத்துக்கொண்டு, ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டேன். அப்படியும் கேட்டது. மற்ற பதினாலு பேரும் கையை இறக்கவே இல்லையாம். தம்பி வந்து சொன்னான். அவனுக்கே வியர்த்துவிட்டது.

படம் எடுக்க வேண்டும் என்று போனில் சொன்னீர்களே, கடை போர்டுக்குக் கீழே நின்றால் நன்றாக இருக்கும். இருங்கள், சேலையை மாற்றிக்கொண்டு தம்பியைக் கூட்டி வருகிறேன். நாங்கள் இரண்டு பேர் நின்றால் போதும். வீட்டுக்காரர் வர மாட்டார். இன்னும் எழுந்து உட்காரவில்லை.